விருப்பமே விதியான விளையாட்டு



மாலை வேளையில் நண்பர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கின்றனர். மேசைமீது சில தாள்களும் எழுதுகோல்களும் பல வடிவினவான தாயக்கட்டைகளும் கிடக்கின்றன. சதுரங்கத்திற்கு இருப்பதுபோற் கட்டமிட்ட பலகை அங்கே இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. அவர்களுள் ஒருவர் பேசத் தொடங்குகின்றார்: "பாழடைந்த ஒரு கோட்டையின் வாயிலில் நிற்கிறீர்கள். கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே இருள். எங்கோ நீர் சொட்டும் ஓசை கேட்கிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?"

"விளக்கை ஏற்றிக்கொண்டு நான் முன்னே போகிறேன்" என்கின்றார் ஒருவர். "பொறு, கதவுக்குப் பின்னால் யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று முதலிற் பார்ப்போம்" என்கின்றார் மற்றொருவர். பகலெல்லாம் கணக்கேடு எழுதியவர் இப்பொழுது வாளேந்திய வீரர். பாடசாலையிற் பிள்ளைகளுக்கு எண் கற்பித்தவர் இப்பொழுது மந்திரவாதி. அவர் நினைத்தது கைகூடுமா என்பதைத் தாயக்கட்டை தீர்மானிக்கும். கோட்டைக்குள்ளே என்ன உண்டு என்பதை நடுவராக அமர்ந்தவர் ஒருவரே அறிவார். இரவு வளர வளரக் கதையும் வளர்கின்றது. அக்கதை எவராலும் முன்னர் எழுதப்பட்டதன்று. நாளை அதே மேசையில் வேறொரு குழுவினர் அமர்ந்தால் அது வேறொரு கதையாகும்.

பாத்திரமேற்று ஆடும் இவ்விளையாட்டு வகையில் முதன்முதல் அச்சேறி விற்பனைக்கு வந்தது 'டஞ்சன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்பதாகும். 'நிலவறைகளும் பறக்கும் நாகங்களும்' என்று அதன் பெயரைத் தமிழிற் கூறலாம். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அது வெளிவந்தது. அதன் வரலாற்றையே இன்று உங்கள் முன் எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

விளையாட்டொன்றின் வரலாற்றை இத்துணை நேரம் பேசுதற்கு என்ன இருக்கின்றது என்று நேயர்களுட் சிலர் எண்ணுதல் கூடும். சதுரங்கத்திலே குதிரை ஏன் வளைந்து பாய்கின்றது? அவ்விதியை முதலில் வகுத்தவன் எவன்? அவன் பெயரும் நமக்குத் தெரியாது. அவன் மனத்தில் இருந்ததும் தெரியாது. தொன்மையான விளையாட்டுகளெல்லாம் இவ்வாறே தந்தை பெயர் அறியாத பிள்ளைகளாய் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால் இவ்விளையாட்டு நம் காலத்திலே பிறந்தது. இதன் ஒவ்வொரு விதியையும் பற்றி, இஃது இன்னார் படித்த இன்ன நூலிலிருந்து வந்தது, இன்னாருடைய இன்ன பழக்கத்திலிருந்து வந்தது என்று சுட்டிக் காட்ட முடிகின்றது. தனி மனிதர் இருவருடைய சுவைகளும் வழக்கங்களும் கோடிக்கணக்கானோர்க்கு விதியாக மாறியவாற்றை நாம் கண்கூடாகக் காணுதற்கு இதைவிடத் தக்க எடுத்துக்காட்டு அரிது. அவ்விருவருள் ஒருவருடைய பெயர் எங்கும் பரவ, மற்றவருடைய பெயர் ஏறத்தாழ மறைந்துபோக நேர்ந்ததும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

இதன் மூதாதையர் போர்ப்பயிற்சிக்கென அமைந்த விளையாட்டுகளே. 1780ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிரவுன்ஸ்விக் நகரத்தில் ஹெல்விக் என்னும் ஆசிரியர் சதுரங்கத்தை விரித்துப் போர்க்களத்தைக் காட்டும் விளையாட்டொன்றை வெளியிட்டார். 1812இல் றைஸ்விட்ஸ் என்பார் பிரஷ்ய மன்னருக்கு வேறொரு போர்விளையாட்டைச் சமர்ப்பித்தார். அவருடைய மகன் அதனைத் திருத்தி 1824இல் நூலாக்கினார். படையதிகாரிகள் வரைபடத்தின்மீது காய்களை நகர்த்துவர். தாக்குதலின் விளைவைத் தாயக்கட்டை உரைக்கும். இரு திறத்தார்க்கும் நடுவே நடுவர் ஒருவர் வீற்றிருப்பார். 1880இல் சார்ள்ஸ் ரொட்டன் என்னும் அமெரிக்கப் படையதிகாரி தம் நாட்டுப் படைக்கென இத்தகைய நூலொன்றை எழுதினார். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் 'சிறு போர்கள்' என்னும் நூலை எழுதி, பொம்மை வீரர்களைக் கொண்டு வீட்டுத் தரையிலேயே போர் நடத்தும் வழியைப் பொதுமக்களுக்குக் காட்டினார். அதன்பின் போர்விளையாட்டு பாசறையை விட்டு வீட்டுக்குள் நுழைந்தது.

1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மின்னெசோட்டா மாநிலத்தில் இரட்டை நகரங்கள் எனப்படும் மினியாப்பொலிஸ், சென் போல் ஆகிய இடங்களில் இத்தகைய போர்விளையாட்டில் ஈடுபட்ட இளைஞர் குழு ஒன்று இருந்தது. அவர்களுள் டேவிட் வெஸ்லி என்பவர் பல்கலைக்கழக நூலகத்திலே ரொட்டனுடைய பழைய நூலைக் கண்டெடுத்தார். ஆடுபவர் தாம் விரும்பும் எதனையும் முயன்று பார்க்கலாம், அது பலிக்குமா என்பதை நடுவர் தீர்ப்பார் என்ற கருத்து அவரைக் கவர்ந்தது. 1969ஆம் ஆண்டில் 'பிரவுன்ஸ்டைன்' என்னும் கற்பனை நகரமொன்றை அமைத்து, நெப்போலியன் காலத்துப் படைகள் இரண்டு அதனை நெருங்குவதாக ஓர் ஆட்டத்தை அவர் ஏற்பாடு செய்தார். ஆட வந்தோர் பலராக இருந்தமையாற் படைத்தலைமை எல்லோர்க்கும் போதவில்லை. ஆகவே எஞ்சியோர்க்கு நகரபிதா, பல்கலைக்கழகத் தலைவர் என்றவாறு தனி மனிதர் ஒவ்வொருவரின் பாத்திரத்தைக் கொடுத்தார்.

அன்று நிகழ்ந்தது எவரும் எதிர்பாராதது. ஆட வந்தோர் மேசையை மறந்தனர். மூலைக்கு இருவராகச் சென்று இரகசியம் பேசினர், சூழ்ச்சி செய்தனர், இருவர் தனிப்போருக்கும் அறைகூவினர். தனிப்போருக்கு விதியொன்றும் வகுக்கப்படவில்லை. வெஸ்லி அந்த இடத்திலேயே தீர்ப்புக் கூறவேண்டியதாயிற்று. கடைசிவரை படைகள் இரண்டும் சந்திக்கவே இல்லை. ஆட்டம் முற்றுந் தோல்வியடைந்தது என்று வெஸ்லி மனம் வருந்தினார். ஆனால் ஆடியவர்களோ, மறுபடி எப்பொழுது என்று அவரைக் கேட்டுக்கொண்டு வந்தனர். தோல்வி என்று அதனை ஆக்கியவரே கருதிய அந்த மாலைப்பொழுதிலேதான் இவ்விளையாட்டு வகை கருக்கொண்டது எனலாம்.

அன்று ஆடியவர்களுள் ஒருவர் டேவ் ஆர்னெசன். 1947இற் பிறந்தவர், மின்னெசோட்டாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்றவர். வெஸ்லி படைச்சேவைக்கு அழைக்கப்பட்டபின் குழுவின் ஆட்டங்களை நடத்தும் பொறுப்பை ஏற்றோருள் இவரும் ஒருவர். ஒரு வார இறுதி முழுவதும் பூதங்கள் தோன்றும் பழைய திரைப்படங்களைத் தொலைக்காட்சியிற் பார்த்துக்கொண்டும், கோனன் என்னும் காட்டு வீரனைப் பற்றிய கதைகளைப் படித்துக்கொண்டும், சோளப்பொரியைக் கொறித்துக்கொண்டும் இருந்தபோது தமக்கு அந்த எண்ணம் உதித்தது என்று ஆர்னெசன் பிற்காலத்திலே கூறியிருக்கின்றார். பெரிய கண்டுபிடிப்புகளின் பின்னணியில் தவமும் உழைப்பும் இருக்கும் என்று எதிர்பார்ப்போர்க்கு இஃது ஏமாற்றமளிக்கலாம். ஓய்வுநாளிற் சோம்பிக் கிடந்த ஓர் இளைஞனின் சுவை விருப்பமே இங்கே வித்தாயிற்று.

1971ஆம் ஆண்டில் நெப்போலியன் காலப் போரை எதிர்பார்த்து வந்த நண்பர்கள் மேசைமீது ஒரு கோட்டையின் மாதிரியுருவைக் கண்டனர். 'பிளாக்மூர்' என்னும் அந்நாட்டிற்கு நீங்கள் வந்து சேர்ந்திருக்கிறீர்கள் என்று ஆர்னெசன் கூறினார். கோட்டைக்கு அடியிலே சுரங்கங்கள் உள்ளன என்றார். இறங்கியவர்கள் மறுவாரமும் இறங்கினர். அதற்கு மறுவாரமும் இறங்கினர்.

ஆர்னெசனுடைய பழக்கம் ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது. கடற்போர் விளையாட்டுகளில் அவருக்கு மிகுந்த விருப்பம் உண்டு. போர்க்கப்பல் ஒரு குண்டினால் மூழ்குவதில்லை. பல அடிகளைத் தாங்கியே மூழ்கும். ஒரே அடியில் தம் வீரன் மடிந்துபோவதைக் கண்டு நண்பர்கள் மனம் நொந்தபோது, கப்பலுக்குரிய அக்கணக்கை ஆர்னெசன் மனிதனுக்கு மாற்றினார். அடி வாங்க வாங்கக் குறையும் உயிர்க்கணக்கு இவ்வாறு தோன்றியது. அனுபவம் பெருகப் பெருக வீரனும் படிப்படியாக உயர்வான் என்னும் முறையும் அவர் மேசையிலேயே உருவாயிற்று. இன்று கணினித் திரையில் வாளேந்தி நிற்கும் உருவத்தின் தலைக்கு மேலே நீளமும் குறுக்கமுமாய்த் தோன்றும் உயிர்க்கோட்டைப் பார்க்கும் சிறுவன், அஃது ஒரு காலத்தில் இரும்புக் கப்பலின் கணக்காயிருந்தது என்பதை அறியான்.

ஆயினும் ஆர்னெசன் எழுதிவைக்கும் இயல்பினர் அல்லர். விதிகளைப் பெரும்பாலும் தம் மனத்திலும் சிதறிய குறிப்புகளிலும் வைத்திருந்தார். ஆட்டம் கேட்டபோது விதியைப் படைத்தார், வேண்டாதபோது மாற்றினார். மேசையில் அமர்ந்தோரின் முகத்தைப் பார்த்துக் கதையை நடத்திச் செல்வது அவர் சுவை. கூத்தை நடத்துவிக்கும் அண்ணாவியார் ஏட்டைப் பாராமலே கூத்தரை ஆட்டுவிப்பதுபோல் இதனைக் கருதிக்கொள்ளலாம்.

மற்றவர் கரி கைகக்ஸ். 1938இற் சிக்காகோவிற் பிறந்து, சிறுவயதிலேயே விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் வந்து குடியேறியவர். சுவிற்சர்லாந்திலிருந்து வந்த அவருடைய தந்தையார் மகனுக்கு மந்திரவாதிகளும் வீரர்களும் நிறைந்த கதைகளைச் சொல்லி வளர்த்தார். பின்னர் மலிவுவிலைச் சஞ்சிகைகளில் வெளிவந்த வீரக் கதைகளைச் சிறுவன் தானே தேடிப் படிக்கலானான். சதுரங்கத்திலும் போர்விளையாட்டிலும் கொண்ட ஈடுபாடு வயதோடு வளர்ந்தது. 1968இல் தம் ஊரிலுள்ள மண்டபமொன்றில் விளையாட்டாளர் கூட்டமொன்றை ஒழுங்குசெய்தார். 'ஜென் கொன்' என்னும் அவ்விழா இன்றளவும் ஆண்டுதோறும் அமெரிக்காவில் நடைபெற்று வருகின்றது. 1969இல் அவ்விழாவிலேதான் ஆர்னெசனும் கைகக்ஸும் முதன்முதற் சந்தித்தனர்.

1970இல் காப்புறுதித் தொழிலில் தமக்கிருந்த வேலையைக் கைகக்ஸ் இழந்தார். மனைவியும் மக்களும் உள்ள குடும்பஸ்தர் அவர். பாதணி திருத்தும் தொழிலைச் செய்துகொண்டே இரவுகளில் விளையாட்டு விதிகளைத் தட்டச்சுச் செய்தார். 1971இல் ஜெஃப் பெரன் என்பவருடன் சேர்ந்து 'செயின்மெயில்' என்னும் இடைக்காலப் போர்விளையாட்டு விதிநூலை வெளியிட்டார். அதன் பிற்சேர்க்கையாக மந்திரவாதிகளுக்கும் பறக்கும் நாகங்களுக்கும் சில விதிகளை எழுதினார். ஆர்னெசன் தம் பிளாக்மூர் ஆட்டத்திற்கு அவ்விதிகளுட் சிலவற்றை எடுத்தாண்டார்.

1972ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆர்னெசன் தம் நண்பர் டேவிட் மெகரியுடன் லேக் ஜெனீவாவுக்குச் சென்று, கைகக்ஸின் வீட்டு மேசையில் பிளாக்மூர் ஆட்டத்தை நடத்திக் காட்டினார். கைகக்ஸ் மனம் பறிகொடுத்தார். விதிகளை அனுப்புமாறு கேட்டார். அவருக்குக் கிடைத்தவை ஏறத்தாழ இருபது பக்கமளவிலான கையெழுத்துக் குறிப்புகளே. அவற்றிலிருந்தும், தம் கற்பனையிலிருந்தும், தாம் ஆடிய ஆட்டங்களிலிருந்தும் ஐம்பது பக்க நகல் ஒன்றை அவர் தட்டச்சுச் செய்தார். அது பின்னர் நூற்றைம்பது பக்கமாக விரிந்தது. 'கிரேஹோக்' என்னும் தம்முடைய கோட்டையையும் அமைத்தார். அக்கோட்டையின் நிலவறையிலே முதன்முதல் இறங்கியவர்கள் அவருடைய மகனும் மகளுமே. பெட்டி நிறையச் செப்புக்காசுகளைக் கண்டெடுத்த பிள்ளைகள், பாரம் மிகுதியால் அதனைத் தூக்க முடியாமற் போனதைக் கண்டு முகம் சுளித்தனராம். மறுநாள் நண்பர்களும் வந்து சேர்ந்தனர்.

நூலை வெளியிடப் பதிப்பாளர் எவரும் வாய்க்கவில்லை. 1973 ஒக்டோபரில் தம் இளமைக்கால நண்பர் டொன் கேயுடன் சேர்ந்து கைகக்ஸ் சொந்தமாகவே ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர்ப் பிரயன் புளூம் பணத்துடன் கூட்டுச் சேர்ந்தார். 1974 ஜனவரியில் மூன்று சிறு கையேடுகள் கொண்ட பெட்டியாக விளையாட்டு வெளிவந்தது. அச்சிட்டவை ஆயிரம் பிரதிகள்; விலை பத்து டொலர். பெட்டிகளை வீட்டிலேயே கையால் ஒட்டிக் கட்டினர். ஓராண்டுக்குள் ஆயிரமும் விற்றுத் தீர்ந்தன. ஆனால் அந்த வெற்றியைக் காணும் பேறு டொன் கேய்க்கு நீண்டநாள் இருக்கவில்லை. 1975 ஜனவரியில் அவர் திடீரெனக் காலமானார்.

இனி, ஒருவருடைய தனிச்சுவை எவ்வாறு விதியாயிற்று என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

இவ்விளையாட்டில் எல்ஃப் என்னும் வனமாந்தரும் குறளரும் வருவதைக் கண்டோர், இஃது ஆங்கிலப் பேராசிரியர் ரோல்கீன் 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட 'மோதிரங்களின் தலைவன்' என்னும் பெருங்கதையிலிருந்து பிறந்தது என்று எளிதிற் கூறிவிடுவர். கைகக்ஸ் அதனை மறுத்தார். ஆடுவோர் பலர் அக்கதையை விரும்பியமையால் அம்மாந்தரைச் சேர்த்ததாகவும், தம் உள்ளம் ஈடுபட்டது வேறு ஆசிரியர்களிடமே என்றும் அவர் எழுதியிருக்கின்றார். றொபேட் ஹவாட், ஃபிறிட்ஸ் லைபர், ஜாக் வான்ஸ், போல் அன்டர்சன் முதலியோரே அவர் மனத்துக்கு உகந்தோர். உலகைக் காக்கப் புறப்படும் தூய வீரரைவிட, புதையலைத் தேடிப் புறப்படும் கூரிய அறிவுடைய துணிவாளரே அவருக்குப் பிடித்தவர். அதனாலேயே இவ்விளையாட்டின் முதல் விதிகளில், கொன்ற பூதங்களைக் காட்டிலும் கண்டெடுத்த பொன்னே வீரனின் உயர்வுக்குப் பெரிதும் உதவியது.

மந்திரவாதி ஒரு மந்திரத்தை உச்சரித்தவுடன் அது அவன் நினைவிலிருந்து அழிந்துபோகும்; மறுநாள் ஏட்டைப் பார்த்து மறுபடி மனனஞ் செய்தல்வேண்டும். இவ்விதியை முதன்முறை கேட்போர் வியப்படைவர். இஃது எந்நாட்டு மந்திர நூலிலும் உள்ளதன்று. ஜாக் வான்ஸ் 1950இல் வெளியிட்ட 'மடியும் புவி' என்னும் கதைநூலிலிருந்து வந்தது. வான்ஸ் என்னும் பெயரின் எழுத்துகளையே மாற்றியமைத்து 'வெக்னா' என்னும் கொடிய மந்திரவாதியின் பெயரும் பின்னர் உண்டாயிற்று. வெட்டிய உறுப்பு மீண்டும் வளரும் அரக்கன் போல் அன்டர்சனுடைய கதையிலிருந்து வந்தான்.

நூல்களிலிருந்து வந்தவை இவை. கடைத்தெருவிலிருந்து வந்தவையும் உள. மலிவுப் பொருட் கடையில் வாங்கிய ஹொங்கொங் நெகிழிப் பொம்மைகள் சிலவற்றைக் கைகக்ஸ் தம் மேசையில் வைத்திருந்தார். அவை எவ்விலங்கின் உருவம் என்று அவற்றைச் செய்தவர்களுக்கே தெரிந்திருக்குமோ என்பது ஐயம். அவற்றுள் ஒன்று இரும்பைத் துருவாக்கித் தின்னும் விலங்காயிற்று. மற்றொன்று ஆந்தைத் தலையும் கரடியுடலும் கொண்ட விலங்காயிற்று. இன்று உலகின் பல மொழிகளில் அச்சாகும் விலங்குப் பட்டியல்களில் அவை இடம்பெற்றிருக்கின்றன.

வீட்டிலிருந்து வந்தவையும் உள. கைகக்ஸின் மூத்த மகன் ஏர்னெஸ்ற் தன் பெயரின் எழுத்துகளை மாற்றி 'டென்சர்' என்னும் மந்திரவாதியை ஆடினான். அப்பெயர் ஒரு மந்திரத்தின் பெயராக விதிநூலில் நிலைத்தது. இவ்வாறு ஒரு குடும்பத்தின் விளையாட்டுப் பேச்சு உலகப் பொதுவாயிற்று. எங்கோ ஒரு நாட்டில் இன்று அம்மந்திரத்தை உச்சரிக்கும் இளைஞர், அரை நூற்றாண்டுக்கு முன்னர் ஒரு சிறுவன் தன் தந்தையின் மேசையருகே இட்டுக்கொண்ட பெயரையே உச்சரிக்கின்றார்.

ஆயினும், ஒருவருக்குச் சுவையானது மற்றவருக்கும் சுவையாதல் வேண்டுமென்பதில்லை. முதற் கையேடுகள் தெளிவற்றவையாகவும் இருந்தன. அதனால் அவற்றை வாங்கியவர்கள் தத்தம் விருப்பத்திற்கேற்ப மாற்றத் தொடங்கினர். அரிசோனா மாநிலத்து நூலகரான கென் சென் அன்ட்றே, பலவடிவத் தாயக்கட்டைகள் தமக்கு ஒவ்வாமையால், சாதாரண ஆறுமுகக் கட்டைகளே போதும் என்று 1975இல் வேறொரு விளையாட்டை எழுதினார். அதே ஆண்டில் மொழியியற் பேராசிரியர் பார்க்கர், இளமை முதற் கனவு கண்டுவந்த தம்முடைய நாடொன்றை, அதற்கெனத் தாமே ஆக்கிய மொழிகளோடு விளையாட்டாக வெளியிட்டார். 1980ஆம் ஆண்டில் கிளென் பிளாக்கோ என்பவர் ஒரு கட்டுரையில் விளையாட்டாளரை நால்வகையினராகப் பிரித்தார்: தம் வீரனின் வலிமையைப் பெருக்குவதில் இன்புறுவோர், பாத்திரத்தின் குணத்தில் ஆழ்ந்துவிடுவோர், போர்த்தந்திரத்தில் மகிழ்வோர், கதையின் போக்கை விரும்புவோர் என்பன அவை. இசையரங்கிலே இராகத்தைக் கேட்க வருவோரும், தாளத்தைக் கேட்க வருவோரும், பாட்டின் பொருளைக் கேட்க வருவோரும் அருகருகே அமர்ந்திருப்பதை அறிந்த நமக்கு இப்பாகுபாடு புதியதன்று. ஒரே மேசையில் இந்நால்வரும் அமர்ந்தால் நடுவரின் பாடு எளிதன்று என்பதும் விளங்கும்.

இனிக் கசப்பான பகுதிக்கு வருகின்றேன். ஆர்னெசன் 1976இல் லேக் ஜெனீவாவுக்கு வந்து நிறுவனத்திற் பணியேற்றார். அவ்வாண்டு முடிவதற்குள் விலகினார். 1977 முதல் 1979 வரை கைகக்ஸ் இவ்விளையாட்டை விரித்துப் பெரிய நூல்களாக வெளியிட்டார். இவை வேறான நூல்கள் என்று கூறி, ஆர்னெசனுக்கு அவற்றிற் பங்கு வழங்கப்படவில்லை. 1979இல் ஆர்னெசன் வழக்குத் தொடுத்தார். 1981இல் வழக்கு இணக்கமாக முடிந்தது. இருவரும் இணையாக்கியோர் என்னும் உரிமை ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆயினும் பொதுமக்கள் நினைவில் நின்ற பெயர் கைகக்ஸ் என்பதே.

இதனை ஒருவர் வஞ்சித்தார், ஒருவர் வஞ்சிக்கப்பட்டார் என்று சுருக்கிக் கூறிவிடுதல் நீதியாகாது. கைகக்ஸ் எழுதியிராவிட்டால் பிளாக்மூர் இரட்டை நகரங்களின் நண்பர் சிலருடைய இளமை நினைவாகவே மறைந்திருக்கும். ஆர்னெசன் அன்று மேசையில் நடத்திக் காட்டியிராவிட்டால் கைகக்ஸுக்கு எழுதுதற்கு ஒன்றும் இருந்திராது. வாய்மொழியாக வாழும் கலை ஏட்டிலேறும்பொழுது, ஏட்டில் எழுதியவர் பெயரே நிலைக்கின்றது. வாயாற் சொன்னவர் பெயர் காற்றோடு போகின்றது. நாட்டுப் பாடல்களையும் கூத்துகளையும் தொகுத்தோர் பெயரை அறிந்த நாம், அவற்றைப் பாடியோர் பெயரை அறியாதிருப்பதும் இக்காரணத்தினாலேயே. இங்கே இருவர் பெயரும் எஞ்சியிருப்பதால், நினைவை நேர்செய்யும் கடமை நமக்கு எளிதாகின்றது. வெற்றியடைந்தவரும் தப்பவில்லை. 1985இல் தம் நிறுவனத்தின் ஆட்சியை இழந்த கைகக்ஸ், அடுத்த ஆண்டில் அதைவிட்டு முற்றாக விலகினார். 1997இல் அந்நிறுவனத்தையே வேறொரு நிறுவனம் வாங்கிக்கொண்டது.

இவ்விளையாட்டு அச்சத்தையும் எழுப்பியது. 1979இல் அமெரிக்காவில் ஒரு மாணவர் காணாமற் போனபோது, அவர் இவ்விளையாட்டில் மூழ்கிப் பல்கலைக்கழகத்தின் சுரங்கங்களிலே தொலைந்தார் என்று பத்திரிகைகள் எழுதின. உண்மைக் காரணம் வேறு. அவ்விளைஞரின் உள்ளத் துயரமே அது. ஆனால் கதை பரவிவிட்டது. 1982இல் அதுபோன்ற கருவுடன் ஒரு தொலைக்காட்சிப் படமும் வந்தது. 1983இல் இவ்விளையாட்டை எதிர்ப்பதற்கென்றே ஒரு சங்கம் அமைந்தது. பேய் வழிபாட்டையும் தற்கொலையையும் இது தூண்டுகின்றது என்றனர். ஆராய்ந்தோர் அத்தகைய தொடர்புக்குச் சான்று காணவில்லை. எனினும் பெற்றோர் சிலரின் அச்சத்தை நாம் இகழ்தல் வேண்டா. தம் பிள்ளை தாம் அறியாத உலகமொன்றிற் பல மணி நேரம் வாழ்வதைக் காணும் பெற்றோர்க்குக் கலக்கம் உண்டாதல் இயல்பே. அக்கலக்கத்திற்கு மருந்து, கைகக்ஸின் பிள்ளைகள் தந்தையுடன் அமர்ந்ததுபோல, ஒருநாள் அம்மேசையில் தாமும் அமர்ந்து பார்ப்பதே.

பின்னர்க் கணினி வந்தது. 1975ஆம் ஆண்டிலேயே இலினோய் பல்கலைக்கழகத்தின் கணினித் தொகுதியில் மாணவர் சிலர் நிலவறை விளையாட்டுகளை ஆக்கினர். 1981இல் 'அல்டிமா', 'விசாட்றி' என்னும் விளையாட்டுகள் விற்பனைக்கு வந்தன. அவற்றின் வழி யப்பானில் 1986இல் 'ட்ராகன் குவெஸ்ற்' பிறந்தது. நடுவரின் இடத்தை இயந்திரம் ஏற்றது. ஐவராய்க் கூடியிருந்த இடத்தில் ஒருவர் தனியே அமரலானார். வேண்டும்போது தொடங்கலாம், வேண்டும்போது நிறுத்தலாம் என்னும் வசதி வந்தது. ஆனால் 'கதவைத் திறவாமல், அதைத் தட்டிப் பாட்டொன்று பாடினால் என்ன?' என்று கேட்கும் உரிமை போயிற்று. இயந்திரத்தை ஆக்கியவர் எதிர்பாராததைக் கேட்க இயலாது. ரொட்டனுடைய பழைய நூலில் வெஸ்லி கண்டெடுத்த செல்வமோ அவ்வுரிமையே.

அதனாலேதான் மேசை விளையாட்டு மறையவில்லை போலும். 1986இல் யப்பானியச் சஞ்சிகையொன்று, நண்பர்கள் ஆடிய ஆட்டத்தின் உரையாடலை அப்படியே தொடராக அச்சிட்டது. ஆடாதவரும் அதனை ஆர்வத்தோடு படித்தனர். 2015 முதல் அமெரிக்காவிற் குரல் நடிகர் சிலர் தாம் ஆடும் ஆட்டத்தை இணையத்தின் வழி ஒலிபரப்பி வருகின்றனர். பல மணி நேரம் நீளும் அவ்வாட்டத்தைப் பெருந்தொகையானோர் கேட்டு மகிழ்கின்றனர். குரலை மட்டும் கேட்டுக் காட்சியை மனத்தில் அமைத்துக்கொள்ளும் வானொலி நேயர்களாகிய உங்களுக்கு இதன் இரகசியத்தை நான் விளக்கவேண்டியதில்லை.

கைகக்ஸ் 2008 மார்ச்சு மாதத்திற் காலமானார். முதுமையிலும் நண்பர்களைத் தம் வீட்டுக்கு அழைத்து ஆட்டம் நடத்தும் பழக்கத்தை அவர் விடவில்லை. ஆர்னெசன் 2009 ஏப்பிரலிற் காலமானார். விதிகளை எழுதிவைக்க விரும்பாத அவர், தம் பிற்காலத்தில் புளொறிடா மாநிலத்துக் கல்லூரியொன்றில் விளையாட்டு விதிகளை அமைக்கும் முறையை மாணவர்க்குக் கற்பித்து வந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ஓராண்டுக்குச் சற்றே அதிகமான இடைவெளியில் இருவரும் மறைந்தனர். அவர்களுடைய சுவைகள் மறையவில்லை.

வரலாறு என்றவுடன் அரசரையும் போரையும் உடன்படிக்கையையும் நினைப்பது நம் வழக்கம். வேலையிழந்த ஒருவர் இரவிலே படித்த கதைகளும், ஒரு மாணவர் வார இறுதியிற் பார்த்த பூதப்படங்களும், சிறுவன் ஒருவன் மாற்றியமைத்த தன் பெயரும்கூட வரலாறாதல் உண்டு. இன்றிரவு உங்கள் வீட்டுப் பிள்ளைகள் முற்றத்தில் தமக்குத் தாமே விதி வகுத்து ஒரு விளையாட்டை ஆடக்கூடும். "இந்த விதியை யாரடா சொன்னது?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். விடை சொல்வதற்கு ஆக்கியோன் அருகிலேயே நிற்பான்.